சிவப்புக் கோடும் கோலமும்

மார்ச் 4, செவ்வாய்.

பார்க்கின்சன் வந்ததிலிருந்து இவருக்கு வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். போன வாரம் பிசியோதெரபிப் பெண் ஒரு கைத்தடி கொடுத்தாள். ஊன்றினால் தரையில் சிவப்பாக ஓர் ஒளிக்கோடு விழும். அதைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழுந்துவிடுகிறது. வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார்.

இன்று காலை வாசலில் நின்றுவிட்டார். கோடு விழுந்திருந்தது, கால் எழவில்லை. இதுவும் அவ்வளவுதானா? கையைப் பிடிக்கப் போனேன். "நக்கோ" என்று, முன்பு வேலை பார்த்த ஊர்ப் பேச்சில் வேண்டாமென்று சொல்லித் தட்டிவிட்டார்.

"தடி வேலை செய்யலைங்க. அந்தப் பெண்ணுக்கு போன் பண்றேன்."

"தடிக்கு ஒண்ணும் இல்லடி. கீழே பாரு. கோட்டைத் தாண்டினா உன் கோலத்துலதான் கால் வைக்கணும். குளிச்சுட்டு வந்து போட்டிருக்கே, எப்படி மிதிக்கிறது?"

பார்த்தேன். படியை அடைத்துக்கொண்டு என் கோலம். குனிந்து பாதியைக் கையாலேயே அழித்தேன். வேலையில் இருந்த நாளில் அந்த ஊரில், குஷாய்குடாவில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவாரே, அதே மாதிரி கேட் வரை போய்விட்டார்.

எவ்வளவு நாளாயிற்று, கால் ஒட்டிக்கொண்டு இல்லாமல் இவராகவே நினைத்து ஓரிடத்தில் நின்று!

நாளையிலிருந்து கோலம் ஓரமாகத்தான்.