சூரியகாந்தியின் மீதிக் கதை

பிப்ரவரி 3, திங்கள்

பூங்காவில் சூரியகாந்திப் பாத்திக்கு விளக்கப் பலகை எழுதுவது என் தலையில் விழுந்தது. கண்காணிப்பாளர் சொன்னார்: "கதையா இருக்கட்டும்மா. சூரியனையே பாத்துட்டிருந்த பொண்ணு, மாறாத காதல்... ஜோடிங்க படம் எடுக்க வர்ற இடம்."

மாறாத காதலாம். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, வந்து பார்க்கட்டும். அத்தான் இன்னொருத்தியோடு போன பிறகும் அக்கா அவர் சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். உறவே மெச்சுகிறது. மெச்சுகிறவர்கள் ஒருத்தரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நூலகத்தில் படித்தேன். பழைய கிரேக்கக் கதை. சூரிய தேவன் ஒருத்தியைக் கைவிட்டு இன்னொருத்தியிடம் போகிறான். கைவிடப்பட்டவள் பொறாமையில் அந்தப் பெண்ணை அவள் அப்பனிடம் போட்டுக்கொடுக்கிறாள். அப்பன் மகளை உயிரோடு புதைக்கிறான். அதற்குப் பிறகுதான் இவள் அன்னம் தண்ணீர் இல்லாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்து பூவாகிறாள். அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுவும் இந்தப் பூ இல்லை. ஏதோ சின்ன ஊதாப் பூ. சூரியகாந்தி அமெரிக்காவிலிருந்து கப்பலேறியது பல நூற்றாண்டு கழித்து. சூரியனோடு திரும்புவதும் மொட்டுப் பருவத்தில்தான். முற்றிய பூ கிழக்கைப் பார்த்து நின்றுவிடும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7

கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். "உயிரோட புதைச்ச கதையப் படிச்சிட்டு யாரும்மா சிரிச்சுப் படம் எடுப்பாங்க?" மாறாத காதலே பலகை ஏறியது. சம்பளம் வாங்குகிற வாய் — மூடிக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா பூங்காவுக்கு வந்தாள். பலகையைப் படித்து அழுதாள். "என்னப் பத்தியே எழுதின மாதிரி இருக்குடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மீதிக் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? உயிரோடு புதைத்ததைச் சொன்னபோது அக்காவின் முகம் மாறியது. அத்தானோடு போன பெண்ணைத் தினமும் 'மண்ணாப் போவா' என்று சபிக்கிறவள் அல்லவா.

"அவன் காப்பாத்தலையா?"

"வந்து பாத்தான். அதுக்குள்ள செத்துட்டா."

அக்கா சொன்னாள்: "ரெண்டு பொம்பளைங்களும் மண்ணுல. அவன் மட்டும் மேல வெளிச்சமா இருக்கான்."

சமையலறையிலிருந்து அம்மா, "கட்டினவன அப்படிச் சொல்லாத" என்றாள். சூரியனைத்தானே சொன்னாள்?

மார்ச் 10, திங்கள்

அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். அங்கே அத்தான் இல்லை. கைக்குழந்தையோடு அவளையும் விட்டுவிட்டுப் போய் மாதக்கணக்காகிறதாம்.

"என்ன பேசினீங்க?"

"எங்க பேச? குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

மார்ச் 22, சனி

அவளும் குழந்தையும் இப்போது எங்கள் வீட்டில். என் அறை போயிற்று, கூடத்தில் படுக்கிறேன். அம்மா யாரோடும் பேசுவதில்லை. அக்காவைப் போல உண்டா என்று மெச்சிய சித்தி, "இவளுக்குப் புத்தி பிசகிருச்சா?" என்கிறாள். எனக்கும் அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. பொய் எதற்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

சாயங்காலம் அக்காவின் ஃபோன் அடித்தது. அத்தான். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போவதற்குள் அந்தப் பெண் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் வைத்துவிட்டார்.