ஊரிலை எவ்விடம்

திங்கள், ஜூன் 2

காலையில் தூறல். குடை கல்லூரியில், போன கிழமை மறந்து விட்டது. நனைந்துகொண்டு போனேன்.

ஹோல் பல்பு எரிந்து போயிற்று. வாங்க வேண்டியவை: பல்பு, துண்டு போட்ட பாண், கறித்தூள், நல்லதாக இருந்தால் முருங்கைக்காய்.

செப்டெம்பர் சேர்க்கைக்கு இப்போதே வரிசை. யாருக்கு எந்த வகுப்பு என்று சொல்வது என் வேலை. என் வீட்டில் யாருக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே யாரும் இல்லை.

முதலில் சென்னைப் பையன் ஒருவன். "ஆமா மேடம், அப்பாதான் அக்கவுண்டிங் எடுக்கச் சொன்னார்." உனக்கு? "எனக்குச் சமையல் மேடம். அப்பாவுக்குத் தெரிய வேணாம்." அடுப்படி வகுப்பைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். தகப்பன் ஒருநாள் என்னைத் தேடி வருவார்.

பிறகு வ. (பெயர் முழுதாக எழுதக் கூடாது. இங்கேயும்தான்.) நாற்பதைத் தாண்டிய பெண், எங்கள் ஆள், முதியோரைப் பார்க்கும் கெயார் ஹோமில் வேலை. ஆங்கிலப் பரீட்சை இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் பாஸ். அக்செஸ் வகுப்பில் ஒரு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் செய்ய வேண்டும். பதினேழாம் திகதி நேர்முகம். அவருடைய மனேஜர் இந்த வருடம்தான் ஷிப்டை மாற்றித் தருவாராம், அடுத்த வருடம் அவர் ஓய்வு.

"இந்த முறை விட்டா இனி ஏலாது மிஸ்," என்றார். அழவில்லை. பஸ் போய்விடும் என்பதுபோலச் சொன்னார்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு "அப்ப நான் வாறன் மிஸ்" என்று சொன்ன விதம் அச்சு அசலாக எங்கள் பக்கத்துப் பேச்சு. இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"நீங்கள் ஊரிலை எவ்விடம்?"

"யாழ்ப்பாணம்தான்."

"யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?"

"டவுன் பக்கம்." போய்விட்டார்.

சொல்ல விரும்பாதவர்கள் சொல்லும் பதில் அது. எனக்குத் தெரியும், நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

பாண் வாங்கினேன். பல்பு மறந்துவிட்டது.

செவ்வாய்

வெயில். ஜன்னல் கொத்தமல்லி முளைத்திருக்கிறது.

ஹெலன் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பக்கத்து அறை ஆலோசகர், நல்லவள், கதவைச் சாத்தினால் கெட்ட செய்தி. வ. போன் செய்தாராம். வேறு ஆலோசகர் வேண்டுமாம். தமிழ் இல்லாத ஒருவர். மிகவும் மரியாதையாகக் கேட்டாராம். தன் பைலை நான் பார்க்காவிட்டால் நல்லது என்றும் சொன்னாராம்.

ஏன் என்று ஹெலனுக்கு விளங்கவில்லை. ஒரே மொழி பேசுகிறவர்தானே வசதி என்றாள். எப்படி விளங்கப்படுத்துவது? முதலில் ஊர். பிறகு ஊரில் எந்தக் குறிச்சி. பிறகு தகப்பன் பெயர். மூன்று கேள்வியில் ஒருவரின் சாதி வரைக்கும் போய்விடுவோம், அதுவும் சிரித்த முகத்தோடு. பேரப்பிள்ளை கண்ட கிழவர்களும் இந்த நகரத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள். பிறகு ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடிப்பார்கள், இன்னொரு வீட்டில் "இப்பதான் குடிச்சனாங்கள்" என்பார்கள்.

நான் அதற்குக் கேட்கவில்லை. எனக்குக் கதைக்க ஆள் வேண்டியிருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஹெலனிடம், "சரி, நீ பார்" என்றேன். வெட்கமாக இருந்தது. பின்னேரம் கோபமாக மாறியது. பஸ்ஸில் மறுபடி வெட்கம்.

இரவுச் சாப்பாடு: பாணும் சம்பலும். தங்கை டொரொண்டோவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள், மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியவீட்டுச் சேலை பற்றி. நீளம். பாதியில் நிறுத்தினேன்.

வெள்ளி, 6

வேலை முடிந்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில். வைட்சப்பலில் ரயில் மாறி, நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. மனோர் பார்க்கில் முருகன் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார். ஆனால் அங்கே போனால் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்கள்: "அவர் வரேல்லையோ?" அவர் விட்டுப் போய் வருடங்கள் ஆயிற்று, வேறொரு வீட்டில் வேறொருத்தியோடு இருக்கிறார் என்று கேட்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். ஈலிங்கில் என்னை ஒருவருக்கும் தெரியாது. சாமிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நல்ல கூட்டம். பின்னால் ஒரு குரல்: "தம்பி, ஸ்டாண்ட் ப்ரொப்பர்லி, அம்மாச்சி இஸ் லுக்கிங்." தம்பி நிமிரவில்லை.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார் ஐயர். ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்ள இன்னும் நாக்குப் பழகவில்லை. வ.வுக்கும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். நட்சத்திரம் தெரியாது. பைலில் அது இல்லை.

திங்கள், 9

மழை. குடை இருந்தது.

வ. பயிற்சி நேர்முகத்துக்கு ஹெலனிடம் வந்தார். எங்கள் அறைகளுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஹெலன்: உங்களுடைய திறமைகள் என்ன?

வ.: பெரிதாக ஒன்றும் இல்லை. உதவி செய்வேன்.

ஹெலன்: நீங்கள் தலைமையெடுத்துச் செய்த ஒரு விடயம்?

வ.: எல்லோரும் சேர்ந்துதான் செய்வோம்.

நெடுகிலும் இப்படியே. 'நான்' என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். தன் வாயால் தன்னைச் சொல்கிறவளை எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹெலனுக்குத் தெரியாது.

அவர் போன பிறகு ஹெலன் பெருமூச்சு. பாவம், அனுபவம் போதாது, இந்த வருடம் ஒரு படி கீழே உள்ள வகுப்பில் சேர்க்கலாம் என்று பார்க்கிறாள். ஒரு படி கீழே என்றால் ஒரு வருடம். அந்த ஒரு வருடம் வ.விடம் இல்லை.

பைலைப் பார்க்காதே என்றவர். இதில் தலையிட நான் யார்?

கடை: முருங்கைக்காய் வாடல். பல்பு வாங்கினேன். ஹோலில் இருட்டோடு சப்பாத்துத் தேட இனி ஏலாது.

செவ்வாய், 10

நித்திரை சரியில்லை. காலையில் கோப்பி போடும் இடத்தில் ஹெலனைப் பிடித்தேன். வ.வைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், எங்கள் ஆட்களைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்கிறேன் என்று தொடங்கினேன். என்ன பொது? இருவருக்கும் யாரென்று தெரியும்.

சொன்னது இதுதான். திறமை என்ன என்று கேட்காதே. ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஷிப்டுக்குள் போனதும் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பாய் என்று கேள். பிறகு, அடுத்தது யார் என்று கேள். பிறகு சும்மா இரு.

"அவ்வளவுதானா?" அவ்வளவுதான். சும்மா இருப்பதுதான் உனக்குக் கஷ்டம் என்றேன். சிரித்தாள். நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டேன்.

இதுவும் முதுகுக்குப் பின்னால் கதைப்பதுதானே. எதற்குப் பயந்து அவர் என்னை விட்டுப் போனாரோ அதையேதான் செய்திருக்கிறேன். நல்லதற்கு என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

வியாழன், 12

பலகைக்கு அந்தப் பக்கம் வ.வின் குரல், மளமளவென்று. நிற்கவில்லை. இந்தத் தரம் எழுந்து வெளியே போனேன். தாழ்வாரத்தில் நின்று, ஏற்கெனவே தெரிந்த அறிவித்தல்களை வாசித்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் குரல் நிற்கவில்லை. கெயார் ஹோமில் காலைச் சாப்பாட்டுக்கும் டை கட்டிக்கொண்டு வருகிற ஒரு கிழவர். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒளித்து வைக்கிற ஒரு அம்மா. அவரைச் சிரிக்க வைத்தால் வாய் திறந்து காட்டிவிடுவாராம்.

ஹெலன் சிரித்தாள். வ.வும் சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வருவது.

எனக்கு அந்த அறைக்குள் இருக்க வேண்டும்போல இருந்தது. சும்மா ஒரு கதிரையில். ஒன்றும் கேட்காமல்.

சனி, 14

வெயில். பக்கத்து வீட்டார் தோட்டத்தில் இறைச்சி வாட்டுகிறார்கள். உடுப்பு காயப்போட்டது பிழை.

பல்பு மாற்ற ஏறினேன். ஸ்டூல் ஆடுகிறது. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு கையால் சுவரைப் பிடிக்க வேண்டும், மற்றக் கையால் மாற்ற வேண்டும். மேலே போன பிறகுதான் கண்டேன், வாங்கியது முறுக்கும் பல்பு. என் வீட்டுக்குக் குத்தித் திருப்பும் பல்பு வேண்டும். ஸ்டூலில் நின்றபடி கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு அழுதேன். எழுதியாயிற்று, இருக்கட்டும்.

புதன், 18

நேற்று வ.வின் நேர்முகம். இன்று முடிவு. இடம் கிடைத்துவிட்டது.

ஹெலன் துள்ளிக்கொண்டு வந்தாள். வகுப்புப் பொறுப்பாளர் 'இவரை விட மாட்டேன்' என்றாராம். நானும் எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தேன். இத்தனை வருடத்தில் முதல் தரம், அவளே திகைத்துப் போனாள்.

மத்தியானம் வ. நேரில் வந்தார். கையில் ஒரு டப்பா. என் கதவு திறந்துதான் இருந்தது. பார்க்காமல் போனார். திரும்பும்போதும்.

பிறகு ஹெலன் டப்பாவோடு வந்தாள்: இதற்கு என்ன பெயர், எப்படிச் சாப்பிடுவது? பயற்றம் பணியாரம். வாயில் போட்டுக் கடி, வேறு எப்படி என்றேன். இரண்டு எடுத்தேன். நன்றாக வந்திருந்தது, பயறு பதமாக வறுத்தது. ஹெலன் மூலமாக என்றாலும் என் வாய்க்கு வந்தது. மிகவும் சந்தோஷம், மூன்றாவதையும் கேட்டு வாங்கினேன்.

வெள்ளி, 20

வெக்கை. ரயிலில் குளிரூட்டி நல்லது, அதற்காகவே ஈலிங் போகலாம்.

பூசை முடிந்து சாப்பாட்டு வரிசை. முன்னால் மஞ்சள் சேலை, தெரிந்த பின்னல். வ.

கல்லூரிக்கு வெளியே மாணவர்களோடு நானாகப் போய்க் கதைப்பதில்லை. அவர்களாகப் பார்த்தால் பார்க்கட்டும். சுவரில் திருவிழா நோட்டீஸ் இருந்தது, கவனமாக வாசித்தேன். சோறு வாங்கி மூலையில் போய் இருந்தேன். அவர் என்னைக் கண்டுவிட்டார். முகம் ஒரு கணம் மூடியது. தட்டோடு கொஞ்சம் நின்றார். வாசலருகே இடம் இருந்தது. அங்கே போகவில்லை, வந்து என் பக்கத்தில் இருந்தார்.

சாம்பார் உறைப்பில்லை. இருவரும் அதைச் சொல்லவில்லை.

"மனோர் பார்க்கிலை கோயில் இருக்கெல்லோ மிஸ்?"

"ஓம், இருக்கு. அங்கை போனா 'அவர் வரேல்லையோ' எண்டு கேப்பினம். அவர் இப்ப இல்லை என்னோடை."

வ. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "எனக்கும் ஈஸ்ட்ஹாமிலை கிட்டத்தான் கோயில். அங்கை கேக்கிறது வேறை கேள்வி."

"நான் கேட்ட கேள்வி."

"ஓம் மிஸ்."

இருவரும் தட்டைப் பார்த்தோம். அப்பளம் நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நீங்கள் இன்னும் கொஞ்சம் இருந்து கதைச்சா நல்லாயிருக்கும் எண்டுதான் கேட்டனான். வேறை ஒண்டுமில்லை."

ஹெலனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அதற்குப் பதிலாக, "பணியாரம் நல்லாயிருந்தது" என்றேன்.

"ஹெலன் உங்களுக்கும் தந்தவவோ?"

"ஓம்."

"உங்களுக்கும் சேத்துத்தான் சுட்டனான். கதவடியிலை வந்தனான், உள்ளை வரக் கூச்சமாக் கிடந்தது."

ஒரே ரயிலில் திரும்பினோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. பெரும்பாலும் சும்மா. டை கட்டுகிற கிழவர் சுகமாக இருக்கிறாராம். செப்டெம்பரில் வகுப்பு நாளில் ஷிப்ட் இல்லையாம், மனேஜர் எழுதித் தந்துவிட்டார். என் ஹோல் பல்புக் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதிரே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். எந்த இடத்திலும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராக வாசித்துக்கொண்டு வந்தேன்.

வைட்சப்பலில் இறங்கினோம். அவருக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், எனக்கு மற்றப் பிளாட்பாரம். எஸ்கலேட்டர் அடியில் நின்று கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அப்ப நான் வாறன் அக்கா," என்றார். மிஸ் இல்லை.

போகவில்லை. நின்றார். பிறகு சொன்னார், நான் கேட்காமலே. ஊர். குறிச்சி. தகப்பன் பெயர். மூன்றையும் வரிசையாக, நேரே என் முகத்தைப் பார்த்தபடி.

"சரி," என்றேன். "பல்பு மாத்தேக்கை ஸ்டூலைப் பிடிக்க வருவீங்களோ? தேத்தண்ணி ஊத்தித் தருவன்."

"ஞாயிறு ஷிப்ட் இல்லை. வந்து குடிக்கிறன்."

அவர் சொன்ன மூன்றையும் இங்கே எழுதவில்லை.