சிவப்பைத் தாண்டிய முள்

மஹய்யாவ, கண்டி
1938 ஆகஸ்ட் 3

அன்புள்ள யோசப்பினுக்கு,

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அம்மாவின் காய்ச்சல் விட்டதா? ஏப்ரலில் நீ அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து இதையே கேட்டு எழுதுகிறேன். இங்கே விடாத மழை. அடுப்படிக் கூரையை நானே தகரம் வைத்து அடைத்துவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். உயிர்ப்புத் திருநாள் பாஸ்குக் கச்சேரியில் இசைத்தட்டுக் கம்பனிக்காக நான் பதிந்த தட்டு கெட்டபோது, “ஒனக்குக் கொறைச்சுப் பாடத் தெரியாதா” என்று பாட்டுக்குழு முழுவதற்கும் முன்னால் உன்மேல் பாய்ந்தேன். பிழை உன் குரலில் இல்லை.

போன ஞாயிறு உன் இடத்தில் பியட்றிஸ் பாடினாள். அவள் குரல் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். பாஸ்குவுக்குச் செய்தது போலவே, ஒத்திகையில் சத்தத்தைக் காட்டும் முள் அசைந்த அளவைப் பார்த்துச் சத்தக் குமிழைத் திருகி வைத்தேன். பூசை முடிந்து மண்டபத்தில் சனம் நிறைந்ததும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பல்லவியில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அங்கேயே நின்றது. பாட்டை வெட்டிப் பதியும் ஊசி மெழுகுத் தட்டில் ஒரு கீறலிலிருந்து அடுத்த கீறலுக்குள் பாய்ந்தது. அதே கேடு. நீ அங்கே இல்லை.

வெறும் மண்டபத்தில் அடக்கிப் பாடியதைக் கேட்டு அளவு வைத்தவன் நான்தான். மறுநாள் குழுவைப் பாட வைக்கும் யாகப்பர் அண்ணாவியிடம் சொல்லி, உச்ச இடத்தை மட்டும் தொண்டை திறந்து மூன்று முறை பாட வைத்தேன். அதற்கு மேலும் இடம் விட்டுக் குமிழைக் குறைத்தேன். தட்டு சுத்தமாக வந்தது. சத்தம் மீறினால் தானாகவே அமுக்கும் பெட்டி வெளிநாட்டில் வந்திருக்கிறதாம். எனக்கு என் கைதான். ஆனால் கை ஓயாமல் அமுக்கினால் பாட்டு செத்துப்போகும்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாளில் மறுபடியும் பதிகிறோம். நீ வந்து முழுக்குரலில் பாடு. குறைக்கச் சொல்ல மாட்டேன், இனி ஒருநாளும். வா.

உன்
கிளறன்ஸ்


வத்தேகம
ஆகஸ்ட் 6

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் காய்ச்சல் ஏப்ரலிலேயே விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஒத்திகையிலேயே முழுக்குரலில் பாடுவேன். குமிழை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. பழியை எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். பிழையை எனக்கு மட்டும் எழுதினால் போதாது. அண்ணாவியும் பியட்றிஸும் குழு முழுவதும் இருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் மண்டப வாசலில் நிற்பேன்.

கர்த்தர் உங்கள் நாவுக்குத் துணிவு தரட்டும்.

யோசப்பின்