சரிவில் நிறுத்திச் சரிபார்த்த லைட்

ஏங்க, வாணி அப்பா,

நலமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. அதனால் இங்குள்ள சங்கதியை நானே சொல்லிவிடுகிறேன். காரை விற்கவில்லை. கண்டி மஹய்யாவ வீட்டு வாசலில் அதே ஏற்றத்தில், பின் டயருக்குக் கல் வைத்து நிற்கிறது. நீங்கள் எங்களை விட்டுப்போன மாதமே மூன்று பேர் வந்து விலை கேட்டார்கள். “பொம்பள ஆளு நீங்க, கார வச்சு என்ன செய்யப் போறீங்க?” என்றார் ஒருவர். “ஓட்டப் போறேன்” என்றேன். அவருக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

வாணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது உங்களுக்குத் தெரியாது. இப்போது நாலு மாதம். மூக்கு உங்களுடையது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. வாணியின் லீவு முடிகிறது. ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து அவள் கடுகண்ணாவை வீட்டுக்குத் திரும்ப ஆறரை ஆகும். மாப்பிள்ளை கொழும்பில், சனிக்கிழமை மட்டும் வருகிறார். பகலெல்லாம் பிள்ளையை யார் பார்ப்பது? நான்தான். ஆனால் ஆறரைக்குப் பிறகு நான் வீட்டுக்கு எப்படி வருவது?

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து வரும் பஸ்கள் நிரம்பி வழிந்துகொண்டு வரும். கணவாய் வளைவில் நிறுத்தவே மாட்டார்கள். அங்கேயே தங்கலாம் என்றால் அது ஒற்றை அறை வாடகை அனெக்ஸ். காரில் போனால் ஆகும். ஆனால் இருட்டில் நான் ஓட்டுவதில்லையே. வாணி ஒரு நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, “பரவால்லம்மா, நான் வேலைய விட்டுர்றேன். கடிதம் எழுதி வச்சிட்டேன்” என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. அவள் அந்த வேலைக்காக எத்தனை பரீட்சை எழுதினாள் என்று உங்களுக்குத் தெரியும்.

இருட்டில் நான் ஏன் ஓட்டுவதில்லை? நீங்கள் சொன்னதால்தான். கம்பளையில் உங்கள் தம்பி மகள் கலியாணத்துக்குப் போய் வரும்போது நான் ஓட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? ரோட்டோரம் கண்ணுக்குத் தெரியவில்லை, டயர் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கப் பார்த்தது. நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டு, “ஒங் கண்ணு இருட்டுக்கு ஆகாது. இனி ஆறு மணிக்குப் பொறகு இதத் தொடாத” என்றீர்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு நாம் எந்த விசேஷத்திலும் கடைசிவரை இருந்ததில்லை. பந்தி போடும் முன்னே நீங்கள் எழும்பிவிடுவீர்கள். “வாணி அம்மாவுக்கு இருட்டுக் கட்டுனா பயம்” என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். ஓட்டப்போவது நீங்கள், பயம் எனக்கா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாணி கடிதம் எழுதிவிட்டாள் என்றதும் கண் டொக்டரிடம் போனேன். கண்ணாடி கண்ணாடியாக மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, “வாசிக்க ஒரு கண்ணாடி போடுங்க. தூரத்துக்கு ஒண்ணும் வேணாம். ராத்திரி பார்வையும் ஒங்க வயசுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் ரோடு ஏன் தெரியவில்லை?

லைட்தான் என்று அப்போதுதான் புத்தி வந்தது. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பிடித்து, தேங்காய்ச் சிரட்டைக்குள் ஊற்றிய பழைய எண்ணெய் மாதிரி இருந்தது. டவுனில் ஒரு கடைக்குப் போனேன். அந்த ஆள் இரண்டு வெள்ளை எல்இடி பல்ப் எடுத்து வைத்தார். “இதப் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்” என்றார். பத்து நிமிஷத்தில் மாட்டியும் தந்துவிட்டார்.

அன்று மாலையே பேராதனைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். பகல் மாதிரித்தான் இருந்தது, மரத்து உச்சியில். ரோட்டில் இல்லை. எதிரே வந்த எல்லாரும் லைட் அடித்துத் திட்டினார்கள். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் ஓரத்தில் நிறுத்திக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். சற்றுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் மறித்தார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்: காருக்கு வந்த மாதிரி லைட்தான் இருக்க வேண்டும், எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கிற லைட் போடக் கூடாது, அடுத்த தடவை வழக்கு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த முச்சக்கரவண்டியில் பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் மடவளைக்குப் போனேன், நசீர் நானாவின் கராஜுக்கு. உங்கள் காரை உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பொனட்டைத் திறந்து பல்பைப் பார்த்ததும் கழற்றி என் கையில் வைத்துவிட்டார்.

“தங்கச்சி, இந்த லைட்டுக் கூடு பழைய பல்புக்குச் செஞ்சது. இதுக்குள்ள அதப் போட்டா வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ஒங்களுக்கும் ரோடு வெளங்காது, மத்தவனுக்கும் வெளங்காது.”

“அப்ப இந்தக் காருக்கு விமோசனமே இல்லையா நானா?”

“ஏன் இல்ல? சட்டத்துக்குள்ளயே நல்லாச் செய்யலாம். அவசரப்படாம செய்யணும், அவ்வளவுதான்.”

அவர் செய்தது இதுதான். மஞ்சள் பிடித்த இரண்டையும் கழற்றிவிட்டு, இதே காருக்கான புது ஹெட்லைட் ஜோடி போட்டார். வாங்கும்போதே எரியவைத்துப் பார்த்தார். நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், வெளிச்சம் இடது ஓரத்தைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்த செட் எதிரே வருகிறவன் முகத்தில் அடிக்குமாம். பல்ப் பழைய அளவுதான், கூட்டவில்லை. ஆனால் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தார். இத்தனை காலம் பழைய வயரிலும் சுவிட்சிலும் பாதிக் கரண்ட் வீணாகப் போயிருக்கிறது.

பழைய லைட்டைக் கழற்றும் முன், பழைய பல்பையே மாட்டி ஒரு தடவை சுவரில் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் நிலத்தில் கிடந்தது. “இவ்வளவு கீழ எறக்கி வச்சது யாரு?” என்றார்.

நீங்கள்தான் என்றேன். கம்பளைக் கலியாணத்துக்கு முந்திய கிழமை நம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எதிர்ச் சுவரில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, ஸ்குரூவைத் திருகித் திருகி ஒரு பின்னேரம் முழுக்க நின்றீர்களே, அதைச் சொன்னேன்.

“அந்த ஏத்தத்துலயா வச்சாரு?” என்று கேட்டுவிட்டு நானா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கும் விளக்கிச் சொல்கிறேன், கேளுங்கள். நம் வாசல் ஏற்றம், சுவருக்கு முன்னால் போகும் ஒழுங்கைப் பாதை சமதரை. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெளிச்சம் சுவரில் உயரத்தில் விழுந்தது. நீங்கள் அதைக் கோட்டுக்கு இறக்கினீர்கள். சமமான ரோட்டுக்கு வந்ததும் அது காருக்கு முன்னால் பத்தடியிலேயே விழுந்துவிட்டது. அதற்கு அப்பால் ரோடே இல்லை. எதிரே வருகிற எவனும் உங்களைத் திட்டியதில்லை என்று பெருமை பேசுவீர்களே. ஏன் திட்டப் போகிறான்?

கண்டியில் சமதரை தேடுவது லேசான காரியமா? நானாவின் கராஜும் சரிவுதான். கடைசியில் பள்ளிவாசல் முற்றத்தில் கேட்டு இடம் வாங்கினார். பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்து, மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்த நேரம். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தார். டயருக்குக் காற்று பார்த்தார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். ஓட்டுகிற ஆளின் பாரத்தோடு பார்த்தால்தான் கணக்குச் சரியாம். சுவரிலிருந்து இருபத்தைந்தடி தள்ளி நிறுத்தி, முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்தார்.

ஸ்குரூவைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அவர் இதைச் சொன்னார்.

“ஐயாட்ட நான் ஒருக்கா சொன்னேன் தங்கச்சி, லைட் மங்கலா இரிக்கி, கொண்டு வாங்க பாப்போம்னு. வேணாம் நானா, லைட்ல ஒண்ணுமில்ல, எனக்குத்தான் இருட்டுல கண்ணு வெளங்குதில்லன்னாரு. வீட்டுல சொல்லிராதீங்கன்னும் சொன்னாரு. இப்ப சொன்னா குத்தமில்லன்னு நெனக்கிறேன்.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உங்கள் படத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கோபம். என் கண்ணைக் காட்டி உங்கள் கண்ணை மறைத்தீர்கள். பந்தியில் உட்காராமல் எழும்பிய எல்லா வீட்டிலும் என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கினீர்கள். அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்கும் தெரியவில்லைங்க, இரண்டு பேருக்குமா ஒரே நாளில் கெட்டுப்போகும், லைட்டைப் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்க மாட்டேனா? மூன்றாம் நாள் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வாணி வீட்டிலிருந்து வேண்டுமென்றே இருட்டிய பிறகு புறப்பட்டேன். கணவாயில் மெல்லிய மூடுபனி. வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓரத்துக் கான் தெரிந்தது, அடுத்த வளைவின் கல்லும் தெரிந்தது. எதிரே வந்த எவரும் லைட் அடிக்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் போன் பண்ணினேன்.

“வந்துட்டீங்களாம்மா? கண்ணு தெரிஞ்சிச்சா?”

“எல்லாம் தெரிஞ்சிச்சு. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடு.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை மடவளைக்குக் கொண்டுபோய் லைட்டைச் சரிபார்ப்பேன். வேறு யாரையும் நம் வாசலில் நிறுத்தி ஸ்குரூவைத் தொட விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எதிர் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் ஆள் யாரென்று இங்கிருந்தே பேர் சொல்லுவீர்கள். அப்படிப்பட்ட மனிதர், கண் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அதை எனக்கு மறைத்து, அப்படியே போய்ச் சேர்ந்தும்விட்டீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லைங்க. கடைசிவரை ஒன்றும் இல்லை. இதை உங்களுக்குச் சொல்ல வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தியின் அம்மம்மா,
உங்கள் வாணி அம்மா