விரலில் நிற்காத நூல்

ஹவுன்ஸ்லோ, லண்டன்
மார்ச் 9

அன்புள்ள பெனிற்றா அக்காவுக்கு,

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ரஜனியின் கையெழுத்தைக் கண்டு திடுக்கிட்டிருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் எல்லோரும் நலம். போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன்.

இங்கேயும் பார்லர் வேலைதான். நாள் முழுக்கக் குனிந்த தலை, பல்லில் நூல். போன வைகாசியில் வலது தோளுக்குப் பின்னால் குத்தத் தொடங்கியது. பிறகு அந்தக் கையின் சின்னிவிரலும் பக்கத்து விரலும் விறைத்துப் போயின. ஒரு சனிக்கிழமை, கல்யாணப் பொம்பிளை ஒருத்திக்குப் புருவம் எடுக்கும்போது நூல் விரலில் நிற்காமல் வழுக்கி, புருவத்தின் வால் போய்விட்டது. அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்து அழுதாள். உங்களோடு வேலை செய்த காலத்திலும் சரி, இங்கேயும் சரி, எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

மகள் மயூராதான் கைரோபிராக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். முள்ளந்தண்டைக் கையால் பார்த்துச் சரிசெய்பவர். பெயர் கோதை, பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர். கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்புவார் என்று பயந்துபோய் இருந்தேன். அவர் தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு தரம் பிடித்ததும் முகம் மாறிவிட்டது. "கையில பலம் குறைஞ்சிருக்கும்மா. ஸ்கேன் பார்க்காம நான் கழுத்தைத் திருப்ப மாட்டேன்" என்று சொல்லி, டொக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கழுத்தின் கடைசி எலும்புக்கும் அதற்குக் கீழே நெஞ்சுப்பக்கம் தொடங்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். அந்த இடத்தில் வருவது அபூர்வமாம். பலம் இன்னும் குறைந்தால் ஒப்பரேஷன், அதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கோதை கழுத்தை முறிக்கவேயில்லை. மெல்ல இழுத்து, அழுத்தி, பயிற்சி சொல்லித் தந்து நாலு மாதம் பார்த்தார்.

இரண்டாம் கிழமை, கழுத்தடியில் அவர் பெருவிரலை வைத்தபோது நான் அழுதுவிட்டேன். வலிக்குதா என்று கேட்டார். ஓம் என்றேன். வலிக்கவில்லை அக்கா.

பாரிஸில், லாச்சப்பல் பார்லரில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைக் கஸ்டமர் கதிரையில் இருத்துவீர்களே, அந்த இடத்தில்தான் உங்கள் பெருவிரலும் வந்து நிற்கும். "எடியே, தலையைத் தொங்கப் போடாதை, கழுத்து போயிடும்" என்று ஏசிக்கொண்டே அழுத்துவீர்கள். மேலே மெட்ரோ ஓடும், தேத்தண்ணிக் கோப்பைகள் ஆடும். வாசலில் சுட்டு விற்கும் கஷ்கொட்டை ஒரு பொட்டலம் வாங்கி, சூட்டோடு உரித்துத் தின்போம். நாங்கள் திறக்கப்போகும் கடைக்கு என்ன நிறம் அடிப்பதென்று சண்டை பிடிப்போம். உங்களுக்குக் கத்தரிப்பூ நிறம். எனக்கு வெள்ளை.

கடைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க இருந்த கிழமையில்தானே லண்டன் போகிறோம் என்று சொன்னேன். மயூராவின் இங்கிலிஷ் படிப்பு என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மூன்று மாதமாகத் தெரிந்ததை உங்களுக்கு மறைத்ததற்குப் படிப்புக் காரணமில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம். நாங்கள் புறப்படும்வரை நீங்கள் என்னோடு பேசாமல் விட்டது சரிதான்.

இப்போது கை நன்றாகத் தேறிவிட்டது. போன கிழமை கோதை திரும்பவும் விரலைப் பிடிக்கச் சொன்னார். "ஆமா, இப்போ விடவே மாட்டேங்கிறீங்க" என்று சிரித்தார். சின்னிவிரல் நுனியில் மட்டும் இன்னும் உணர்ச்சி இல்லை. பார்லரில் அரைநாள்தான் வேலை தருகிறார்கள், போதும்.

மயூரா வேலைக்காக லீட்ஸ் போய்விட்டாள், அவளுடைய அறை சும்மா கிடக்கிறது. ஓகஸ்டில் ஒரு கிழமையாவது வந்து நில்லுங்கோ அக்கா. ஏலாதென்றால் ஏலாதென்று ஒரு வரி எழுதுங்கோ.

நேற்று இங்குள்ள மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எனக்கு உங்கள் செபம் ஒன்றும் தெரியாது. உங்கள் பெயரை மட்டும் மூன்று தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

என்றும் உங்கள்
ரஜனி