உன் பேரில் எழுதிய மழை

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் செல்போனில் ஒரு சிவப்பு வரி வந்தது. அனுமதி இல்லை என்று சொல்லும் அந்த வரியை நாம் எத்தனையோ முறை பார்த்துச் சலித்திருக்கிறோம். ஆனால் யாருக்கு அனுமதி இல்லை என்று காட்டும் இடத்தில் இந்த முறை உன் பெயர் இருந்தது. காபித் தம்ளரை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. முந்தின நாள் சாயங்காலம்தான் அலுவலகத்தில் உன் கம்ப்யூட்டர் கணக்கை மூடினார்கள்; அது நடப்புக்கு வர விடிந்துவிட்டது போல.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன். நீ இருந்திருந்தால், "உக்காருடி, நீ நடந்தா நின்னது ஓடிருமா?" என்று கேட்டிருப்பாய்.

போடியில் ஏலக்காய்க் கடைகளுக்கு மேல்மாடியில் நம் சின்ன அலுவலகம். மலையில் எஸ்டேட் எஸ்டேட்டாக மழைமானி வைத்திருந்தோம். கால் மணிக்கு ஒரு தடவை 'ஜாப்' என்று நாம் சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் தானாக ஓடி, எல்லா மானிகளின் அளவையும் சேர்த்து, கிளவுட்டில் 'பக்கெட்' என்னும் சேமிப்பிடத்தில் ஒரு ஃபைலாக எழுதும். அந்த ஃபைலைப் படித்து இன்னொரு புரோகிராம் ஜீப் டிரைவர்களுக்குச் செய்தி அனுப்பும். மேலே போடிமெட்டுக்கு ஏறலாமா, அடிவாரத்து முந்தலிலேயே நிற்பதா என்பதை அந்தச் செய்தியை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள். வெளியாட்களுக்கு நாம் செய்தது கம்ப்யூட்டர் வேலை. உனக்கு மட்டும் அது வேறு. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு உன் அம்மாவும் தினமும் அந்த ஜீப்பில்தான் போனார். நீ வேலைக்கு வந்ததும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்து அவரைப் போடிக்குக் கூட்டி வந்தாய். வீட்டில் உட்காரச் சொன்னாய். அவர் கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஆனி மாதம். பக்கெட்டில் அலுவலகத்துக் கணக்கு எதை வைத்தும் எழுதலாம் என்றிருந்தது. அது ஆபத்து, சரி செய்யுங்கள் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் நான் அந்தப் பொதுவான பெர்மிஷனை எடுத்தேன். எடுத்த பிறகு நானே ஒரு சோதனை ஃபைல் எழுதிப் பார்த்தேன். எழுத முடிந்தது. திருப்தியாக என் ஊரான ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் விடிகாலை உன் அழைப்பு. குரலில் பதற்றம்.

"ஏய், மேல மழ கொட்டுதாம். எஸ்டேட்ல இருந்து மாமா போன் பண்றாரு. நம்ம செய்தியில மழ இல்லைன்னு போயிட்டு இருக்கு. அம்மா ஜீப்பு ஏறிருச்சுடி!"

லேப்டாப்பைத் திறந்தேன். முந்தின சாயங்காலத்திலிருந்தே ஜாப்பால் பக்கெட்டில் எழுத முடியவில்லை. புது ஃபைல் வராததால், செய்தி அனுப்பும் புரோகிராம் கடைசியாகக் கிடைத்த பழைய ஃபைலையே திரும்பத் திரும்பப் படித்து, மழை இல்லை, மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நான் மறுபடியும் கையால் ஒரு ஃபைல் எழுதிப் பார்த்தேன். "எனக்கு எழுதுதே! பெர்மிஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நீ எழுதுனா எழுதத்தான் செய்யும். நீ அட்மின். ஜாப்பு எழுதும்போது யாரா போயி எழுதுது? அதச் சொல்லு மொதல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜாப்புக்கென்று தனியாக, ஆள் பெயர் இல்லாத ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உண்டு. அது இத்தனை நாளும் நான் பிடுங்கிய அந்தப் பொது அனுமதியில்தான் எழுதி வந்திருக்கிறது. அதன் பெயரைத் தேடி எழுதும் உரிமை கொடுத்தேன். நீ ஜாப்பை ஓட்டினாய். மறுபடியும் சிவப்பு வரி.

"எந்தா இது..." என்றாய். அவசரம் வந்தால் உன் வாயில் மலையாளம் வந்துவிடும். "இரு, இரு. பாதி எழுதிருக்கு. தற்காலிகப் பேருல ஒரு ஃபைல் கெடக்கு. அதச் சரியான பேருக்கு மாத்துறப்பதான் ஒதைக்குது. பேரு மாத்தணும்னா பழசை அழிக்கணும்ல? அழிக்கிற உரிமை குடுத்தியா?"

கொடுக்கவில்லை. கொடுத்தேன். கொடுத்தது போய்ச் சேரச் சில நிமிஷம் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். நீ திரும்பத் திரும்ப ஓட்டினாய். நடுவில் இன்னொரு போனில் டிரைவர் பாண்டி அண்ணனைக் கூப்பிட்டாய். வளைவுகளில் சிக்னல் இல்லை. உன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று சொன்னாய்.

"காத்துட்டு இருக்க முடியாது. என் கணக்குல ஓட விடுறேன். எனக்கு எல்லா உரிமையும் இருக்கு. அப்புறமா மாத்திக்கிரலாம். நீ மறக்காம ஞாபகப்படுத்து."

ஓடியது. ஃபைல் விழுந்தது. செய்தி போனது. சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் பாண்டி அண்ணனின் போன் சத்தம் போட்டிருக்கிறது. அவர் வண்டியை ஓரங்கட்டி டீக்கடை முன்னால் நிறுத்தியிருக்கிறார். அதற்கு மேலே நாலாவது வளைவில் மண்ணும் பாறையும் சரிந்து ரோட்டை மூடியது அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் உன் அம்மா நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கூலி போச்சு" என்று உன்னைத் திட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்துக்கொண்டிருந்தவள் பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாய்.

அன்று நடந்த கூட்டத்தில் மேலாளர், "யாரு அந்த பெர்மிஷன எடுத்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சார்." நான் வாயை மூடிக்கொண்டேன். படியிறங்கும்போது உன் கையைப் பிடித்தேன். "சாரமில்லடி, விடு" என்றாய். பரவாயில்லை என்பதற்கு உங்கள் மலையில் சொல்லும் வார்த்தை. நானும் விட்டுவிட்டேன். அதோடு நீ ஞாபகப்படுத்தச் சொன்னதையும் விட்டுவிட்டேன். நீயும் மறந்துபோனாய். அதற்குப் பிறகு உனக்கு மறப்பதற்கு நிறையக் காரணங்கள் வந்தன. மதுரை, ரத்தப் பரிசோதனை, உதிர்ந்த முடி. தை மாசம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டில். அங்கேயும், "ஜாப்பு ஓடுதா?" என்று கேட்டாய். ஓடுது என்றேன். யாராக ஓடுகிறது என்று நான் பார்க்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நல்லது இருந்தது. ஃபைல் பழசாக இருந்தால், நிலவரம் தெரியவில்லை, ஏற வேண்டாம் என்று செய்தி போகும்படி அப்போதே நீ மாற்றி வைத்திருந்தாய். அதனால் ஜீப்புகள் எல்லாம் முந்தலிலேயே நின்றன. உன் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"என்ன ஆத்தா, ஒண்ணும் தெரியலைன்னு வருதாம்? பாண்டி வண்டிய எடுக்க மாட்டேங்கிறான்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. பாத்துட்டு இருக்கேன்."

அலுவலகத்து ஆட்களின் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா இன்னொரு போனில். "அவ கணக்க ரெண்டு நாளைக்குத் தெறந்து விடவா? வெரசா முடிஞ்சிரும். அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்னை உலுக்கியது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், திறந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை உன் பெயர் அந்தப் பட்டியலில் வந்துகொண்டே இருக்குமே. பட்டியலில் மேலே போய்ப் பழைய வரிகளைப் பார்த்தேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், உன்னை எடுத்துக்கொண்டு போன நாளில், காரியத்தன்று, எல்லா நாளும் உன் பெயரில் மழை எழுதப்பட்டிருந்தது. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். முந்தலில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா நினைவுக்கு வந்தார்.

"வேண்டாம்க்கா" என்றேன்.

சர்வீஸ் அக்கவுண்டுக்கு எழுதும் உரிமையும் அழிக்கும் உரிமையும் இருக்கிறதா என்று பார்த்தேன். நாம் அன்று கொடுத்தது அப்படியே இருந்தது. ஜாப்பில் உன் பெயரை எடுத்துவிட்டு அதன் பெயரைப் போட்டேன். ஒரே ஒரு சொல்லை அழிக்க இத்தனை நேரமா என்று நீ கேட்பாய். ஆகத்தான் செய்தது. ஓட்டினேன். ஃபைல் விழுந்தது. சாரல்தான், ஏறலாம் என்று செய்தி போனது.

உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எதனால் நின்றது என்றும் சொன்னேன்.

"அவ பேருலயா ஓடிட்டு இருந்துச்சு? இத்தன நாளும்?"

"ஆமாம்மா."

அங்கே ஜீப்பைக் கிளப்பும் சத்தம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, அன்னைக்கு மண்ணு சரிஞ்சப்போ அந்தத் தப்பப் பண்ணுனது நான். அவ இல்ல. நான் மட்டுந்தான்."

"வண்டி கெளம்புது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பத்து மணிக் கூட்டத்தில் மேலாளரிடமும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அது?" என்று லேசாக ஒதுக்கினார். அவருக்கு அது முடிந்த கதை. புதனும் வியாழனும் உன் அம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானாகக் கூப்பிடத் துணியவில்லை. எஸ்டேட்டில் மழை எவ்வளவு என்று கால் மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் போன் வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"மேல வந்து சேந்துட்டேன். தெனமும் வந்து எறங்குனதும் அவகிட்டச் சொல்லுவேன். நாலு மாசமா யாருகிட்டயும் சொல்லல. இனி ஒங்கிட்டச் சொல்றேன். சரி, சோலியப் பாரு."

அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. இப்போது தினமும் அந்தப் போன் வருகிறது. அது வரும் வரைக்கும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். வந்த பிறகு உட்காருகிறேன்.