ஜெய்சல்மேரில் அவித்த புட்டு

இன்று பாரிஸின் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியிலுள்ள நம்மவர் கடையொன்றில் புட்டு அவிக்கும் புதிய நீத்துப்பெட்டிகள் தொங்கின. பனையோலை வாசம் மூக்கில் ஏறியதும் கோபமும் ஏறிவிட்டது. போய்ச் சேர்ந்த புருசனோடு என்ன கோபம் என்று சனம் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

2012இல் இந்தியா போனோமே. கோயில், சேலைக்கடை, சொந்தக்காரர் வீடு ஒன்றும் வேண்டாம், பாலைவனத்துக் கோட்டையொன்றில் உங்களோடு ஏறிப் பார்க்கவேண்டும் என்றேன். கல்யாணம் கட்டி வந்த நாள்முதல் நான் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அது. "ஓம், ஓம்" என்றீர்கள். அங்கே போய்ச் சூட்கேசைத் திறந்தால் அரிசிமா, கறித்தூள், நீத்துப்பெட்டி, கறண்ட் அடுப்பு! "அவங்கடை சாப்பாடு எங்களுக்குச் சரிவராதப்பா." எங்கள் சனம் சொர்க்கத்துக்குப் போனாலும் குசினியைத் தூக்கிக்கொண்டுதான் போகும்.

உங்கள் லீவுக்கு ஜெய்சல்மேரில் ஒரு மாலைதான் கிடைத்தது. வெயில் சாயும்போது அங்குள்ள கோட்டையின் மஞ்சள் கல் பொன்னாகுமாம். நான் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். நீங்கள் அறைக்குள் அடுப்பைப் போட்டீர்கள். பட்டென்று விடுதி முழுக்கக் கறண்ட் போய்விட்டது. முதலாளி ஹிந்தியில் கத்த, நீங்கள் பதற்றத்தில் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்க, வெட்கத்தில் எனக்கு உயிரே போனது. கடைசியில் அங்கிருந்த சமையற்காரர் இரக்கப்பட்டு உங்களைத் தன் காஸ் அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

"வாங்கோவன், வெயில் போகுது" என்று கெஞ்சினேன்.

"கோட்டை எங்கை ஓடப்போகுது? அடுத்தமுறை பாப்பம். புட்டு ஆறினால் தின்னேலாது."

பாரிஸில் அடுத்தவன் குசினியில் கோப்பை கழுவியே காலம் போன மனிசன், அங்கே அடுப்புக்கு முன்னால் ராசா மாதிரி நின்றீர்கள். விடுதி ஆட்கள் கைநீட்டி வாங்கித் தின்றார்கள். அப்படியொரு சிரிப்பை உங்கள் முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பைக் குழப்பவும் மனம் வரவில்லை. வெளியே இருட்டிவிட்டது, விடிய ரயில் ஏறினோம்.

அடுத்தமுறை வரவேயில்லை. நெஞ்சுவலிதான் வந்தது.

இப்போது மகள் டிக்கெட் எடுத்துத் தந்திருக்கிறாள். "அம்மா, நீங்கள் தனியப் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்று பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகச் சொல்கிறாள். போவேன். மூச்சிரைத்தாலும் ஏறுவேன். கல் பொன்னாவதைக் கண்ணாரப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "பாத்தீங்களே, இதைத்தானே அண்டைக்குக் கேட்டனான்" என்று சண்டை பிடிக்கத் திரும்பினால், பக்கத்தில் நீங்கள் நிற்கமாட்டீர்களே!